பாலாற்றைக் கடந்த எழுவர்: ஜவ்வாது மலை மரபுக்கதையும் நமது வம்சக் கதைகளும்

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஓதியவர்கள் தெற்கே தலை நிமிர்த்திப் பார்த்த போதெல்லாம் கண்ணில் பட்டது ஜவ்வாது மலைத்தொடர். தோல் பதனிடும் தொழிலில் இரசாயனம் புகுவதற்கு முந்தைய காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே அத்தொழிலின் உயிர்நாடி. அந்தக் கடுக்காய் இம்மலையின் பழைய வனவிளைபொருள்களுள் ஒன்று. இவ்வளவு நெருங்கிய உறவிருந்தும் அம்மலையில் வாழும் மக்கள் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்பதை அறிய நம்மவர் அதிகம் முயன்றதில்லை. 'மலையாளி' என்ற அவர்களது பெயரைக் கேட்டதும் கேரளத்தவர் என்று எண்ணிக்கொள்வோரே நம்மில் மிகுதி. மலையை ஆள்பவர் என்பதே அப்பெயரின் பொருள். அவர்கள் பேசுவது தமிழ்.

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பகுதியில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் உள்ளன. 'நாடு' என்னும் இச்சொல்லைப் பல்லவர், சோழர் கல்வெட்டுகளில் காணும் பழைய ஊர்த்தொகுதி என்ற பொருளிலேயே கொள்ள வேண்டும். சமவெளியில் அச்சொல் வேறு பொருளுக்கு நகர்ந்து போக, மலையில் அது பழைய பொருளுடன் நிலைத்துவிட்டது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி வேலூர் மாவட்டத்திலும், அதற்கு முன் பழைய வடஆர்க்காட்டிலும் இருந்தது. அம்மக்களின் கதை முதலில் அச்சேறியது வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் என்பதால் இதனைக் குறிப்பிடுகிறோம்.

ஆர்தர் காக்ஸ் தொகுத்து, பின்னர் எச்.ஏ. ஸ்டூவர்ட் திருத்தி 1895இல் வெளிவந்த அக்கையேடு தரும் கதை இது. சக ஆண்டு 1055இல், அதாவது கி.பி. 1132-33 அளவில், கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினமுற்ற வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனித்துத் திரும்பினால் தாம் இறந்துவிட்டதாகக் கருதி ஈமச்சடங்குகளை முடித்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரிதின் முயன்று கரையேறினர். நாய்களோ பாதி ஆற்றில் நீந்தித் திரும்பிக் காஞ்சிக்குப் போய்விட்டன. எழுவரும் வேடரைக் கொன்று வீடு திரும்பியபோது மனைவியர் கைம்பெண்களாக இருந்தனர். சடங்குகள் முடிந்திருந்தன. உயிரோடு நின்ற அவர்களுக்குச் சாதியில் இடமில்லை. பின்னர் அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தனர். அவர்களின் வழித்தோன்றல்களே மலையாளிகள்.

இக்கதையை மலையாளிகள் ஒரு சிறு ஓலைச்சுவடியில் பாதுகாத்து வந்தனர் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இதனை அப்படியே எடுத்தாண்டார். அதற்குப் பின் மலையாளிகளைப் பற்றி எழுத வந்தோர் பலரும் தர்ஸ்டனையே எடுத்தாண்டனர்.

ஹதீஸ் கலை பயின்ற கண்ணுக்கு இங்கே ஒரு குறை உடனே புலப்படும். நூறு நூல்களில் ஒரு செய்தி இடம்பெற்றுவிட்டால் அது முதவாதிர் ஆகிவிடாது. நூறும் ஒரே வாயிலிருந்து பிறந்திருந்தால் அது ஆஹாதாகவே நிற்கும். இக்கதையின் இஸ்நாதைப் பின்னோக்கிப் பார்த்தால் நம்மிடமிருந்து தர்ஸ்டன், அவரிடமிருந்து ஸ்டூவர்ட், அவருக்கு அப்பால் ஓர் ஓலைச்சுவடி. அச்சுவடியை வாசித்துக் காட்டியவர் யார், ஆங்கிலத்தில் பெயர்த்தவர் யார், எந்த நாட்டின் எந்த ஊரில் கேட்டது என்பதற்கெல்லாம் விடை கையேட்டில் இல்லை. அறிவிப்பாளர் மஜ்ஹூல் என்று சொல்லி நமது முஹத்திஸுகள் இதனைத் தள்ளி வைத்திருப்பர்.

ஆனால் தள்ளி வைப்பதோடு நின்றுவிடலாமா? வேதக்காரரின் பழங்கதைகளைக் குறித்து மெய்ப்படுத்தவும் வேண்டா, பொய்ப்படுத்தவும் வேண்டா என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய நெறி நமக்குத் தெரிந்ததே. அந்நெறியின் கருத்தை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். எழுவர் சென்றார்களா, ஆறு பேர் சென்றார்களா என்பதை ஒதுக்கிவிட்டு, இக்கதையைச் சொல்லிக்கொண்ட மக்கள் இதனால் எதனைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்போம். அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல், இயற்றிய முகத்திமாவில் வம்சாவளி என்பதே மனத்தால் கற்பித்துக்கொள்ளப்படும் ஒன்று, அதற்குத் தனியே ஒரு மெய்ம்மை இல்லை, மனிதரை ஒருவரோடொருவர் பிணைப்பதே அதன் பயன் என்று எழுதிச் சென்றார். 1983இல் பெனடிக்ட் ஆண்டர்சன் தேசங்களைக் கற்பிதச் சமூகங்கள் என்று வருணித்தபோது உலகப் பல்கலைக்கழகங்கள் வியந்தன. நமது மதரஸாக்களில் முகத்திமா அலமாரியில் இருக்கிறது. பாடத்தில் இல்லை.

கதையில் நம்மை அதிகம் நிறுத்தி வைப்பது நாய்கள். அவை செய்த செயல் ஒன்றே: வெள்ளத்துக்கு அஞ்சித் திரும்பின. யாருடைய மரணத்தையும் அவை அறிவிக்கவில்லை. ஆனால் புறப்படும் முன்பே ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. திரும்பிய நாய் என்றால் இறந்த ஆள் என்று பொருள். அப்பொருளை வைத்தவர்களும் அந்த எழுவரே. பின்னர் அவர்களே வந்து வாசலில் நின்றபோதும் அந்தப் பொருளை மாற்ற அவர்களால் இயலவில்லை. சடங்கு முடிந்துவிட்டது. ஒரு சமூகம் கூடி ஓர் அடையாளத்துக்குக் கொடுத்த பொருள் கண்ணெதிரே நிற்கும் உடலைவிட வலிமை பெறுகிறது. இதனைக் கதை குறைகூறவில்லை, வாதிடவும் இல்லை. நடந்தது இது என்று சொல்லி மலையேறிவிடுகிறது.

இம்மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்தில் நாய்க்கே கல் நட்டிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் தொறுப்பூசலில் மாண்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயர் சொல்லிப் பொறிக்கப்பட்டுள்ளது. நாயை வீட்டுக்குப் புறத்தே நிறுத்தும் நம் ஃபிக்ஹு மரபினர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஓர் நாயை நாமும் திருக்குர்ஆனுடன் சேர்த்தே ஓதிவருகிறோம். அஸ்ஹாபுல் கஹ்ஃபின் நாய் குகை வாயிலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நிலை பதினெட்டாம் அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கிறது. முஃபஸ்ஸிருகள் அதற்குக் கித்மீர் என்று பெயர் கூறினர். கடிதம் வழியில் தவறாதிருக்க அப்பெயரை உறைமேல் எழுதும் வழக்கமும் முஸ்லிம் நாடுகளில் இருந்தது.

அங்கும் எழுவர் என்றொரு எண்ணிக்கை வருகிறது. மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் வாதிடுவதை இறைவன் எடுத்துக்காட்டி, அவர்களின் எண்ணிக்கையை நன்கறிந்தவன் தானே என்று சொல்லி, அவ்விவாதத்தில் ஆழ வேண்டாம் என நபியவர்களைத் தடுக்கிறான். எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் எத்தனை பாடம் இருக்கிறது! குகைவாசிகளும் இறந்தவராகக் கருதத்தக்க காலம் கழித்தே ஊருக்கு மீண்டனர். முந்நூற்றொன்பது ஆண்டுகள். ஊரார் அவர்களை அறியவில்லை. ஆயினும் அவ்வூர் அவர்களைப் புறத்தே தள்ளவில்லை, அவர்கள் மீது ஒரு வணக்கத்தலம் எழுப்பும் அளவுக்குப் போற்றியது. காஞ்சியோ சில நாள் கழித்து வந்தவர்களை ஏற்கவில்லை. இரண்டு கதைகளுக்கும் தொடர்புண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. எழுவரும் நாயும் வருகிற இடமெல்லாம் எபேசுவிலிருந்து வந்ததென்று நிறுவப் புறப்படும் ஆய்வுகளைக் கண்டு நமக்குச் சலிப்பே உண்டு. ஜவ்வாது என்ற மலைப்பெயரையே புனுகைக் குறிக்கும் 'ஸபாத்' என்ற அரபுச் சொல்லில் கொண்டுபோய்க் கட்டிவிட ஓர் ஆசை நமக்கும் எழுந்ததுண்டு. ஒலி ஒத்திருப்பது வரலாறு ஆகாது என்பதால் அதனை அடக்கிக்கொண்டோம்.

காணாமற் போனவன் மீண்டு வந்தால் என்ன செய்வது என்பது ஃபிக்ஹில் 'மஃப்கூத்' என்ற தலைப்பின்கீழ் வரும் பழைய பிரச்சினை. ஹனஃபி நூல்கள் அவனது சமவயதினர் இறந்து தீரும் வரை மனைவியைக் காத்திருக்கச் சொல்லின. மாலிகி மத்ஹப் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி நான்காண்டு வைத்தது. இந்தியாவில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) 1930களின் தொடக்கத்தில் 'அல்ஹீலதுன் நாஜிஸா' என்ற நூலில் ஹனஃபி மக்களுக்கும் மாலிகி தீர்ப்பைத் திறந்துவிட்டார். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் நான்காண்டு என்றே கொண்டது. அத்துடன் தீர்ப்பளித்த பின்னும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது, அதற்குள் கணவன் வந்து நின்று தன் கடமைகளை நிறைவேற்ற ஆயத்தம் என்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்தால் தீர்ப்பு நீக்கப்படும் என்றும் விதித்தது. மீண்டு வருபவனுக்கு ஒரு வாசல் திறந்து வைக்க வேண்டும் என்ற கவலை சட்டத்துக்கு இருந்திருக்கிறது. ஆனால் காத்திருக்கும் பெண்ணின் கணக்கில் நமது பழைய நூல்கள் கொடுமையாகவே நடந்துகொண்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கொடுமை தாங்காமல் பஞ்சாபில் பெண்கள் மதம் மாறி மணத்தை முறித்துக்கொள்ளத் தலைப்பட்ட செய்திதான் தானவி அவர்களை எழுதத் தூண்டியது.

இனி நமது வாசகர்கள் பலரும் உறுத்தலோடு எதிர்கொள்ளும் ஓர் இடத்துக்கு வருகிறோம். அதே தர்ஸ்டன் நூலில் சேர்வராயன் மலை மலையாளிகளின் மரபாக இன்னொரு கதை உண்டு. பத்துத் தலைமுறைக்கு முன், தென்னகத்தில் முகமதியர் ஆட்சி மேலோங்கியிருந்தபோது, காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர் புறப்பட்டு, மூத்தவர் சேர்வராயனுக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர் என்பது அது. ஒரே மக்கள், ஒரே காஞ்சி. ஒரு மலையில் காரணம் வேடர், இன்னொரு மலையில் பின்னணி முஸ்லிம் ஆட்சி. ஓலைச்சுவடி சொல்லும் 1132இல் காஞ்சி சோழர் ஆட்சியில் இருந்தது. மாலிக் காஃபூரின் படையெடுப்பு 1311இல்தான். சுவடியின் ஆண்டை நம்பினால் முஸ்லிம் படை என்ற காரணத்துக்கு அங்கே இடமே இல்லை.

கம்பளத்து நாயக்கரின் கதையையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். வடக்கே முஸ்லிம் அரசன் பெண் கேட்டான், தர மனமின்றி ஓடினர், ஆறு குறுக்கிட்டது, இரு கரைப் புங்கமரங்களும் வளைந்து பாலமாயின என்பது அவர்கள் மரபு. பெண் கேட்டல், மறுத்தல், ஆறு, கரையேறியபின் புதிய மண். இக்கதைக் கூட்டின் எலும்புகள் ஒன்றே. கேட்டவன் யார் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அவ்விடத்தில் அந்தந்தக் காலத்தில் அச்சத்துக்குரியவனாக இருந்தவன் வந்து அமர்கிறான். ஓரிடத்தில் வேடன், ஓரிடத்தில் சுல்தான்.

இவ்வகைக் கதைகளைச் சான்றாவணமாக நீட்டி முஸ்லிம் கொடுமைக்கு நூல் எழுதுவோர் உண்டு. அவர்களுக்கு மறுப்பாக நம்மவர் எழுதும் கட்டுரைகளையும் நாம் தொடர்ந்து வாசித்து வருகிறோம். ஆண்டுக்கணக்கைக் காட்டி, இது முழுப்பொய் என்று முடித்துவிடுவது அவற்றின் வழக்கம். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது நமது கருத்து. மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையைக் காவல்நிலைய வாக்குமூலமாகப் படிக்கிறார்கள். மேலும், சுல்தானின் பெயர் அந்தக் காலியிடத்தில் வந்து அமர்ந்ததற்குக் காரணமே இல்லை என்றும் நாம் சாதிக்க முடியாது. மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி போரில் சிறைப்பட்டவர்களையும், பெண்டு பிள்ளைகளையும் கொன்ற விதத்தை வெறுப்போடு பதிவு செய்தவர் பிற மதத்தவர் அல்லர். அந்த சுல்தானுக்கே சகலை முறையான இப்னு பதூதா. நம் தரப்பு மறுப்புக் கட்டுரைகளில் அவருடைய பயணநூலின் அப்பகுதி ஏனோ எடுத்தாளப்படுவதில்லை.

நமது வம்சக் கதைகளை இதே அளவுகோலால் அளந்தால் என்ன கிடைக்கும்? மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் 1810இல் ஒரு மரபைப் பதிவு செய்தார். ஹஜ்ஜாஜ் பின் யூசுஃபின் கொடுமை தாங்காத ஹாஷிம் குலத்தார் கப்பலேறி, ஒரு பகுதியினர் கொங்கணத்திலும் மற்றவர் குமரிமுனைக்குக் கிழக்கிலும் இறங்கினர், முன்னவர் நவாயத்துகள், பின்னவர் லெப்பைகள் என்பது அது. கொடுங்கோலன், தப்பியோடல், தண்ணீர், புதிய கரை. பாலாற்றுக்குப் பதில் கடல், வேடனுக்குப் பதில் ஹஜ்ஜாஜ். நமது கதையிலும் காலியிடத்தில் அமர்ந்திருப்பவர் ஒரு முஸ்லிம் ஆளுநரே என்பதை எண்ணிப் பார்க்கலாம். மலையாளிகளின் கதையைக் கேட்டு நகைப்பவர், தம் குடும்பத்து ஷஜராவைச் சட்டமிட்டு மாட்டி வைத்திருக்கிறார். அரபுக் கப்பல்கள் இக்கரைகளுக்கு வந்ததிலோ, அரபியர் இங்கே மணந்து குடும்பம் அமைத்ததிலோ நமக்கு ஐயமில்லை. நாம் கேட்பது, அந்தக் கப்பலில் இல்லாதவர்களின் பேரப்பிள்ளைகளும் ஏன் அதில் ஏறிக்கொண்டார்கள் என்பதே. இந்த மண்ணில் இஸ்லாத்தைத் தழுவிய உழவரும் நெசவாளரும் தம் முன்னோராக நிற்க நாணியவர் ஓலை எழுதவில்லை, ஷஜரா எழுதினர்.

அதன் விளைவு நிக்காஹ் பேச்சில்தான் வெளிப்படுகிறது. கையேட்டுக் கதை தொடங்குவது ஆற்று வெள்ளத்தில் அன்று, இகழ்ந்து மறுத்ததில். நம் ஜமாஅத்துகளில் அம்மறுப்புக்கு 'குஃபு' என்று ஒரு ஃபிக்ஹுப் பெயர் உண்டு. ஹனஃபி நூல்கள் குலத்தோடு தொழிலையும் குஃபுவில் சேர்த்து, நெசவாளரையும் தோல் பதனிடுபவரையும் துணிவணிகருக்கு இணையாகாதோர் வரிசையில் வைத்தன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். நாம் வேடிக்கையாகக் காண்பது இது: நூலில் 'தப்பாக்' என்று தாழ்ந்த வரிசையில் நின்ற தோல் தொழிலர், நமது வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பகுதிகளில் பள்ளிவாசலையும் மதரஸாவையும் கட்டிய செல்வர். அங்கே அவருக்குப் பெண் கொடுக்க யாரும் கிதாபைப் புரட்டுவதில்லை. தொழிலின் மதிப்பு ஊர் வழக்கைப் பொறுத்தது என்று ஃபகீஹுகளே விளக்கமும் தந்தனர். அந்த விளக்கம் பணம் படைத்தவருக்கு மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது. அவரது தொழிற்கூடத்தில் நனைந்த தோலைச் சுமப்பவர் பெண் கேட்டால், பழைய கிதாபே மீண்டும் திறக்கப்படுகிறது.

மலையாளிகளின் கதையும் அவர்களுக்குச் சுமையில்லாத ஒன்றன்று. காஞ்சி வேளாளர் வழி என்று அவர்கள் பெருமிதத்தோடு சொன்னதைக் கொண்டே, இவர்கள் ஆதிக்குடிகள் அல்லர், சமவெளியிலிருந்து அண்மையில் ஏறிய தமிழர் என்று காலனியக் குறிப்புகள் முடிவு கட்டின. பின்னர் அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் இடம்பெற்றபோது பழைய வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என மாவட்டப் பெயர்களோடு வரம்பிடப்பட்டது. பட்டியலில் பெயர் இல்லாத ஈரோட்டுப் பர்கூர் மலையில் அதே மக்கள் அத்தகுதிக்காகக் கோரிக்கை வைத்துவருகின்றனர். தம்மை உயர்த்திக்கொள்ளச் சொன்ன கதை, உரிமை கேட்கும் இடத்தில் எதிர்ச்சாட்சியாக நிறுத்தப்படுகிறது.

கங்குந்தி இன்று ஆந்திரத்தின் குப்பம் பகுதியில் இருக்கிறது. காஞ்சியிலிருந்து புறப்பட்டால் பாலாற்றைக் கடந்து மேற்கே போக வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று அதே ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். ஆறு கடந்து போன ஆடவர், வீட்டில் காத்திருந்த பெண்கள் என்ற அந்த வரி, ஓலைச்சுவடியோடு முடிந்துபோன செய்தியன்று.

நாம் கேட்டுக்கொள்ள விரும்புவது சிறிய காரியம். வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்து அரபுக் கல்லூரிகளில் அறிவிப்பாளர் வரிசையை ஆராயப் பயிற்சி பெற்ற மாணவர்கள் ஆண்டுதோறும் பட்டம் பெறுகிறார்கள். திருப்பத்தூரிலிருந்து பேருந்தேறினால் நெல்லிவாசல்நாடு எட்டாத தொலைவன்று. அங்கே இக்கதை இன்று எப்படிச் சொல்லப்படுகிறது, சொல்பவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று இஸ்நாதோடு எழுதிவைத்தால், ஸ்டூவர்ட் செய்யத் தவறியதை அவர்கள் செய்தவராவர். பெண்களிடம் தனியே கேட்டு எழுத வேண்டும். ஏனெனில் ஆடவர் எழுவரின் கதியைச் சொல்லும் கையேடு, அவர்கள் யாருக்காகப் புறப்பட்டார்களோ அந்த ஏழு கன்னியர் மீட்கப்பட்ட பின் எங்கே போனார்கள், காஞ்சி அவர்களை ஏற்றதா, கணவர் கண்முன் வந்து நின்றும் கைம்பெண்களாகவே இருந்த மனைவியர் என்ன ஆனார்கள் என்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.